சங்கிலியா, அவிழ்த்துவிடுவதா, நீளக் கயிறா?

எங்கள் நாய் வீரனுக்கு மூன்று வயது. ராமேஸ்வரம் தீவில், தங்கச்சிமடத்தில் கரையோரம் வீடு. காயப்போட்ட நெத்திலியைத் தின்றதோடு நிற்காமல், விரட்ட வந்த பக்கத்து வீட்டு மதினியின் காலையும் கவ்விவிட்டான். லேசான கீறல்தான். சோப்பு போட்டுக் கால் மணி நேரம் கழுவி, அன்றே தடுப்பூசி போடக் கூட்டிப் போனேன். அவனுக்கு வருடா வருடம் ஊசி போடுகிறோம். ஆனாலும் கடிபட்டவர் போட்டுக்கொள்ளத்தான் வேண்டும்.

"எங்கேயாவது தோப்புல கொண்டுபோய் விட்ருங்க" என்றார் மதினி. அவர் கோபம் நியாயம். ஆனால் தோப்பில் விட்டால் அவன் குணமா மாறும்? கடி வாங்கும் ஆள்தான் மாறுவார். அவன் எங்கள் வீட்டுப் பிள்ளை, அந்த வழியே வேண்டாம்.

முதலில் சங்கிலி. பூவரச மரத்தடியில் எட்டு மாதம் கட்டிப்போட்டோம். கருவாடு தப்பித்தது, நாய் கெட்டது. சைக்கிள் போனால் குரைப்பான். சைக்கிள் தன் வழியில் போய்விடும், தான்தான் விரட்டியதாக அவன் நினைப்பு. வாயை அடைக்க நாங்கள் மீன் தலையைப் போட்டோம். குரைத்தால் மீன் வரும் என்று நாங்களே பழக்கியதுதான் அது. கழுத்தில் முடி தேய்ந்து தோல் தெரிந்த அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அப்புறம் அவிழ்த்துவிட்டோம். குரைப்பு குறைந்தது உண்மை. ஆனால் கரையில் வலையிலிருந்து கழித்துப் போட்ட பேத்தை மீன் கிடக்கும், அது விஷம். கெளுத்தி முள் கிடக்கும். தாகத்துக்குக் கடல் தண்ணீரைக் குடித்துவிட்டு இரண்டு நாள் கழிந்தான். இன்னொன்றும் இருக்கிறது: வருடத் தொடக்க மாதங்களில் பங்குனி ஆமை முட்டையிடக் கரையேறும். வனத்துறையினர் முட்டைகளை எடுத்துப் பொரிப்பகத்தில் வைப்பதற்குள் நாய் தோண்டிவிட்டால் எல்லாம் போச்சு. ராத்திரியில் நாயை அவிழ்த்துவிடுவதை நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன்.

இப்போது நீளக் கயிறு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுக்குப் போகும் என் வீட்டுக்காரர் கரையில் இருந்தார். அப்போது ஆரம்பித்தோம். பழைய வலைக்கயிறு முப்பது அடி, வெயில் ஏறுமுன் தினமும் அரை மணி. பேர் சொல்லிக் கூப்பிட்டு, திரும்பிப் பார்த்த நொடியில் முள் எடுத்த அவித்த மீன் ஒரு துண்டு. தாமதித்தால் எதற்குக் கொடுத்தோம் என்று அவனுக்குப் புரியாது. குரைத்தால் ஒன்றும் கிடையாது. வீட்டில் எல்லோருக்கும் ஒரே சொல், "விடு". மாமியார் "போடு" என்பார், பையன் "ச்சூ" என்பான்; அதைச் சரிசெய்யவே ஒரு வாரம் ஆனது. அடிப்பதை அறவே நிறுத்தினோம். அடித்த கைக்கு நாய் வராது, கருவாட்டோடு ஓடத்தான் செய்யும். ராத்திரி மட்டும் கட்டு, பக்கத்தில் நல்ல தண்ணீர்.

மெதுவான வழிதான். பொறுமை இல்லாத வீட்டுக்குச் சரிவராது. ஆனால் மூன்றில் நான் சொல்வது இதைத்தான்.

நேற்று மதினி வாசலில் காரல் மீன் காய்ந்தது. வீரன் மூக்கை நீட்டினான். "விடு" என்றேன். எச்சில் ஒழுக என்னைத் திரும்பிப் பார்த்து, நடந்து வந்தான். கயிறு தளர்ந்தே கிடந்தது. மதினி கையிலிருந்த கம்பை இன்னும் கீழே வைக்கவில்லை. வைக்கும்வரை நானும் கயிற்றை விடப்போவதில்லை.