கல்லூரி ஸ்டுடியோவா, விடுதி அறையா?

பாட்காஸ்ட் தொடங்க நினைக்கும் மாணவர்கள் பலர் எங்கே பதிவு செய்வது என்பதில்தான் தடுமாறுகிறார்கள்.

செலவு: ஸ்டுடியோவில் மைக், ஒலிகளைக் கலந்து சீராக்கும் மிக்சர் எல்லாம் தயாராக இருக்கும். அறையில் ஃபோன், காலர் மைக், இலவச ஒலிப்பதிவு மென்பொருளான ஆடாசிட்டி போதும்.

ஒலி: ஸ்டுடியோவில் எதிரொலி அடங்கும். அறையில் ஃபேனை நிறுத்திவிட்டுப் போர்வைக்குள் பேச வேண்டும். வியர்த்துக் கொட்டும், ஆனால் குரல் நன்றாகவே பதியும்.

வசதி: அங்கே நேரம் கேட்டு வாங்க வேண்டும். இங்கே நள்ளிரவிலும் பதியலாம்.

கற்றல்: எனக்கு இதுதான் முக்கியம். அண்ணா பல்கலைக்கழகத்தில் 2004 முதல் இயங்கும் அண்ணா எஃப்.எம். போன்ற வளாக வானொலிகளில் கூட்டாக வேலை பழகலாம். 'ப' என்னும்போது காற்று மைக்கில் மோதினால் உடனே திருத்த பக்கத்தில் ஆள் இருக்கும். அறையில் அது எடிட்டிங்கில்தான் தெரியும்.

சரி, வானொலி, ஒலிப்பதிவு வேலைக்குப் போக ஆசையா? ஸ்டுடியோ. வாராவாரம் தனியாகப் பேசிப் பழக அறையே போதும்.