மோட்டார் ரெய்டு இரட்டைப் பைக்: டர்பனில் நீண்ட நாள் ஓட்டத்துக்குப் பிறகு

ஜப்பானின் சேகா நிறுவனத்தின் மோட்டார் ரெய்டு 1997-இல் வந்த, காசு போட்டு ஆடும் ஆர்கேட் ஆட்டம். எதிர்காலத்து மோட்டார்சைக்கிள் பந்தயம்தான், ஆனால் பக்கத்தில் வருபவனைக் குத்தலாம், உதைக்கலாம், ஆயுதத்தால் சாத்தலாம். இதைத் தனி ஆளாக ஆடிப் பார்த்து மதிப்புச் சொல்வது, கேரம் போர்டில் ஒருவரே நான்கு பக்கமும் உட்கார்ந்து அடிப்பது மாதிரி. கம்ப்யூட்டர் எதிரிகளோடு நாலைந்து சுற்றிலேயே அலுத்துவிடும். ஏறி உட்கார்ந்து சாய்க்கும் இரண்டு பைக் கொண்ட இரட்டை மெஷினில் அண்ணனும் தம்பியும் ஏறி உட்கார்ந்தால் கதை வேறு. முந்துவதை விட்டுவிட்டு ஒருவரை ஒருவர் கவிழ்ப்பதிலேயே குறியாக இருப்பார்கள்.

மெஷினைத் தேய்ப்பதும் இந்தச் சண்டைதான். 1995-இல் வந்த மான்க்ஸ் டிடியும் சேகாவின் பைக் ஆட்டமே, ஆனால் அது வெறும் பந்தயம். ஆடுபவர் வளைவைப் பார்த்து நிதானமாகச் சாய்வார். இங்கே வளைவின் நடுவில் எதிரியைக் கண்டதும் வண்டியைச் சடக்கென்று அவன் பக்கம் இழுப்பார்கள், பெரும்பாலும் முழு எடையோடு. அடிப்பது பட்டன்தான் என்று தெரிந்தும் உடம்பு கேட்காது. அதனால் ஆட்டத்தை ஓட்டும் மின்பலகையான போர்டு கெடுவதற்கு வெகு முன்பே சாய்வுத் தண்டும் சென்சாரும் ஒயர்க் கட்டும் கைவிடும்.

முதலில் தெரியும் அறிகுறி, நேர் சாலையில் வண்டி தானாக ஒரு பக்கம் ஒதுங்குவது. உடனே போர்டைக் கழற்ற வேண்டாம். காசுப் பெட்டிக் கதவுக்குள் டெஸ்ட் பட்டனை அழுத்தி, சர்வீஸ் பட்டனால் நகர்ந்து, இன்புட் பகுதிக்குப் போங்கள். சாய்வு, ஆக்சிலரேட்டர், பிரேக் மூன்றும் 00 முதல் எஃப்எஃப் வரையிலான ஹெக்ஸ் எண்களாகத் தெரியும். வண்டி நிமிர்ந்து நிற்கும்போது சாய்வு 80-ஐ (ஹெக்ஸில் இதுதான் நடு) ஒட்டி இருக்க வேண்டும். இரண்டு பக்கமும் மெதுவாகச் சாய்த்துப் பாருங்கள். எண் சீராக ஏறி இறங்கினால் சென்சார் நலம், நடு மட்டும் விலகியிருக்கிறது. எண் துள்ளினால் சென்சாராக வேலை செய்யும் பொட்டென்ஷியோமீட்டரின் கார்பன் தடம் தேய்ந்துவிட்டது. ஒரே கோணத்தில் மட்டும் பூஜ்யத்துக்கு விழுந்து மீண்டால், சாய்வுத் தண்டருகே ஒயர் உள்ளுக்குள் அறுந்திருக்கிறது. மேலுறை முழுசாக இருப்பதால் இந்த மூன்றாவது கோளாறைக் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

நடு விலகலுக்குப் பல் சக்கரத்தின் இறுக்கும் திருகைத் தளர்த்தி, தண்டைத் திருப்பி 80-க்குக் கொண்டுவந்து இறுக்கி, மெனுவில் அளவை மறுபடி பதிவு செய்தால் போதும். துள்ளலுக்கு கான்டாக்ட் கிளீனர் அடிப்பது சில வாரத்துக்குத்தான் தாங்கும். 5 கிலோஓம் லீனியர் (திருப்பத் திருப்ப ஒரே சீராக மாறும்) வகைப் புதியதைப் போட்டுவிடுவதே நல்லது. கடையில் ஆடியோ டேப்பர் வகையைத் தந்துவிட்டால் நடுவில் மந்தமாகவும் ஓரத்தில் வெறித்தனமாகவும் சாயும், அதனால் 'பி' எழுத்து அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். ஒயரை மாற்றும்போது மெல்லிய இழைகள் நிறைந்த வளையும் வகையைப் போட்டு, தண்டருகே ஒரு சின்ன வளையம் தளர்வாக விடுங்கள். கட்டி இறுக்கினால் அதே இடத்தில் மறுபடி அறும்.

அடுத்தது கரண்ட். தென்னாப்பிரிக்காவின் 230 வோல்ட்டுக்கு வெளிநாட்டுக்கென்று செய்த மெஷின் சரிப்படும். ஜப்பான் உள்நாட்டு மெஷின் 100 வோல்ட், அதற்கு ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் பிளக்கைத் தொடவே கூடாது. 2022, 2023-இல் முறைவைத்து மின்சாரத்தை வெட்டும் லோட்ஷெடிங் உச்சத்தில் இருந்தபோது, மின்சாரம் போன நேரத்தைவிடத் திரும்பி வந்த நொடிதான் பழைய பவர் சப்ளைகளைத் தின்றது. கரண்ட் போனதும் மெயின் சுவிட்சை அணைப்பது, வந்து 5 நிமிடம் கழித்துப் போடுவது என்று பழக்குங்கள். ஆள் இல்லாத நேரத்துக்குக் குளிர்பெட்டிக்கு மாட்டும் தாமதப் பாதுகாப்பு பிளக் உதவும், ஆனால் அதன் ஆம்பியர் அளவு இரண்டு மானிட்டரையும் சேர்த்துத் தாங்க வேண்டும்.

படத்தில் முக்கோணத் துண்டுகள் சிதறினாலோ, ஆட்டம் பாதியில் ரீசெட் ஆனாலோ, 5 வோல்ட் லைனை அளக்கவும். பவர் சப்ளை முனையில் அல்ல, போர்டின் கனெக்டரில். இது சேகாவின் மாடல் 2 போர்டு, டேடோனா யூஎஸ்ஏ ஓடிய அதே வரிசை, 5 வோல்ட்டில் நிறைய ஆம்பியர் இழுக்கும். சப்ளையில் 5.05 காட்டி போர்டில் 4.8 காட்டினால் குற்றம் நடுவில் கருகிய கனெக்டரில். அதை விட்டுவிட்டு சப்ளையின் திருகை ஏற்றிச் சமாளித்தால் கருகல்தான் கூடும். கனெக்டரை மாற்றி, பிறகு போர்டில் 5.00 முதல் 5.10-க்குள் நிறுத்துங்கள்.

டர்பன் கடல் காற்றுக்கு ஒரு தனி நோய் உண்டு. மழை ஈரம் கூடிய காலையில் சுவிட்சைப் போட்டதும், கசிவு கண்டால் லைனை அணைக்கும் எர்த் லீக்கேஜ் சுவிட்ச் விழும், மதியம் அதே மெஷின் சாதுவாக ஓடும். மெயின் நுழைவில் உள்ள மின்னிரைச்சலை வடிகட்டும் பழைய லைன் ஃபில்டர் எர்த்துக்குக் கொஞ்சம் கசியவிடுகிறது. இரட்டை மெஷினில் இரண்டு ஃபில்டர், கூடவே வேறு ஆட்டங்களும் அதே லைனில் என்றால் எல்லாக் கசிவும் சேர்ந்து 30 மில்லிஆம்பியர் பாதுகாப்பைத் தட்டிவிடும். புது ஃபில்டர் போடுங்கள், லைனைப் பிரியுங்கள். எர்த் பின்னைக் கழற்றிவிட்டு ஓட்டும் ஆட்களும் இருக்கிறார்கள். பிள்ளைகள் வியர்த்த கையோடு உலோகத்தைப் பிடிக்கும் மெஷின் இது, அந்த வேலை வேண்டாம்.

மானிட்டர் படத்தின் வரிகளை 24 கிலோஹெர்ட்ஸ் வேகத்தில் வரையும் வகை. வீட்டு டிவி 15, கம்ப்யூட்டர் திரை 31, அதனால் இரண்டும் நேராக எடுக்காது. பழைய குழாய்த் திரையின் கப்பாசிட்டர்களை மாற்றிக் காப்பாற்ற முடிந்தால் அதையே செய்யுங்கள், உள்ளே உயர் மின்னழுத்தம் தங்கியிருக்கும் என்பதால் தெரிந்த ஆளை வைத்து. முடியாவிட்டால் ஜிபிஎஸ்-8200 என்ற பட சிக்னல் மாற்றிப் பலகையும் எல்சிடியும் போடலாம். மலிவுதான். படம் ஓரத்தில் கொஞ்சம் மங்கும், கைக்கும் திரைக்கும் நடுவில் லேசான தாமதம் வரும். சண்டையில் அந்தத் தாமதம் தெரியும், பந்தயத்தில் அவ்வளவாகத் தெரியாது.

இரண்டு பைக்கையும் இணைப்பது ஆப்டிக்கல் ஒயர். ஒன்றின் டிஎக்ஸ் (அனுப்பும் முனை) மற்றதன் ஆர்எக்ஸுக்கு (வாங்கும் முனை), திரும்பவும் அப்படியே. மெனுவில் ஒன்று மாஸ்டர், மற்றது ஸ்லேவ். இரண்டும் மாஸ்டராக இருந்தால் நெட்வொர்க் சோதனைத் திரையிலேயே நின்றுவிடும். ஒயர் முனையில் சிவப்பு ஒளி மங்கலாக இருந்தால் தூசியைத் துடையுங்கள். கதவில் நசுங்கிய ஒயரை ஒட்டிச் சரிசெய்ய முடியாது. ஒரு பைக் பழுதானால் மற்றதைத் தனி ஆட்டமாக மாற்றி வையுங்கள், பாதி வரும்படியாவது வரும்.

சில்லறை வேலைகள்: 2004-க்கு முந்திய காசுப் பொறியாக இருந்தால், அந்த ஆண்டு வந்த இரட்டை உலோக 5 ரேண்டைத் துப்பும், மாற்றியாக வேண்டும். பட்டன் ஒட்டிக்கொண்டால் பெரும்பாலும் பன்னி சவ் (குடைந்த ரொட்டிக்குள் கறி ஊற்றித் தரும் டர்பன் சாப்பாடு) குழம்பு. சாப்பிட்ட கையைத் துடைக்காமல் ஏறுகிறார்கள். ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் பட்டனைக் கழுவினால் சரியாகும். கைப்பிடி ரப்பர் உப்பிவிடும் என்பதால் பெட்ரோல் மட்டும் வேண்டாம்.

மெஷின் வைக்க இடமில்லை, ஆட்டம் மட்டும் வேண்டும் என்பவர்களுக்கு 2021-இல் வந்த லாஸ்ட் ஜட்ஜ்மென்ட் ஆட்டத்துக்குள் மோட்டார் ரெய்டு முழுசாக இருக்கிறது. ஆனால் கண்ட்ரோலரைப் பிடித்து ஆடும்போது வண்டியோடு சாய்கிற சுகம் கிடைக்காது.

பழையதை வாங்கப் போகிறவர்கள் படத்தின் பளபளப்பைப் பார்த்து விலை பேச வேண்டாம். இரண்டு பைக்கிலும் ஏறி உட்கார்ந்து, டெஸ்ட் மெனுவைத் திறக்கச் சொல்லி, ஆடும் எண்களைப் பார்த்துக்கொண்டே பத்து முறை இடதும் வலதும் சாயுங்கள். பிறகு இறங்கி, இருக்கையை முன்னும் பின்னும் தள்ளுங்கள். தண்டு 'டக் டக்' என்று பேசினால் பேரிங் வேலையையும் கழித்துக்கொண்டு விலை சொல்லுங்கள்.