அப்பாவின் கருப்புக் காரும் கோழியிறகுத் தூசிதட்டியும்

ஆஸ்திரேலியாவின் பெர்த்திலிருந்து சிங்கப்பூரின் ஈசூன் வீட்டுக்கு வந்து இறங்கிய மறுநாளே அப்பா என்னைக் கீழே கார் நிறுத்துமிடத்துக்குக் கூட்டிப்போனார். பத்து வருடம் ஓடி முடிந்து, சிஓஇயை, அதாவது இங்கே கார் வைத்துக்கொள்ள அரசு தரும் உரிமச் சான்றிதழை, இன்னும் 5 வருடத்துக்கு நீட்டித்த கருப்புக் கார். இந்த ஐந்தும் முடிந்தால் மறுபடி நீட்டிக்க வழியில்லை, நேரே ஸ்கிராப்தான். அதனாலேயே அவருக்கு அதன்மேல் பாசம் கூடியிருக்கிறது. தினமும் காலை ஏழு மணிக்குக் கோழியிறகுத் தூசிதட்டியோடு இறங்கிவிடுவார்.

வெயில் ஏறியதும் பானெட்டைப் பார்த்தேன். சூரியன் பளிச்சிடும் இடத்தைச் சுற்றிலும் சிலந்தி வலை. ஸ்வர்ல் மார்க் என்று கடைக்காரர்கள் சொல்வது இதைத்தான். கீறல்கள் உண்மையில் எல்லாப் பக்கமும் ஓடுகின்றன. வெளிச்சத்துக்குக் குறுக்கே கிடப்பவை மட்டும் மின்னுவதால் நம் கண்ணுக்கு வட்டமாகத் தெரிகிறது. காரணமும் அப்பாவின் கையிலேயே இருந்தது. காய்ந்த தூசியைத் தட்டும்போதெல்லாம் மணல் துகள் பெயிண்ட் மேல் இழுபடுகிறது.

போன முறை வந்தபோதும் ஒரு கடையில் 120 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) பாலிஷ் போட்டோம். (கடையின் பெயர் வேண்டாம்.) ஒரு மணி நேர வேலை. மாலையில் கண்ணாடி மாதிரி மின்னியது. நான்கு முறை கழுவியதும் வலை அப்படியே திரும்பி வந்தது. அவர்கள் கீறலை எடுக்கவில்லை, எண்ணெய்ப் பசையான கிளேஸைப் பூசி நிரப்பியிருக்கிறார்கள்.

இந்தத் தடவை மாமா மகன் காக்கி புக்கிட்டில் ஒரு சின்ன பட்டறையைச் சொன்னான். வேலை பார்ப்பவர் தினமும் மலேசியாவின் ஜொகூரிலிருந்து மோட்டார் சைக்கிளில் பாலம் தாண்டி வரும் தமிழ் இளைஞர். வந்ததும் மெஷினை எடுக்கவில்லை, பானெட் மேல் நகத்தை மெதுவாக ஓட்டினார்.

“ரெண்டு எடத்துல நகம் மாட்டுது அண்ணே. அதை நான் எடுக்க மாட்டேன். தேய்ச்சா கிளியர் கோட்டே போயிடும்.”

எனக்கு அந்த இடத்திலேயே நம்பிக்கை வந்துவிட்டது. கிளியர் கோட் என்பது வண்ணத்துக்கு மேலே இருக்கும் நிறமில்லாத பூச்சு. பொதுவாக 40, 50 மைக்ரான் கனம்தான், ஒரு தலைமுடி அளவுகூட இல்லை. பாலிஷ் போடுவது என்றால் அதில் கொஞ்சத்தைச் சீவி, கீறலின் அடிமட்டத்துக்கு மேற்பரப்பை இறக்குவது. ஆசைப்பட்டு அடிக்கடி செய்கிற காரியமில்லை.

அப்புறம் பெயிண்ட் கனம் அளக்கும் கருவியை எடுத்தார். பானெட் 115 மைக்ரான், கூரை 110, இடது பின்கதவு 260.

“அங்கிள், இந்தக் கதவு மறுபெயிண்ட்டா?”

அப்பா தொண்டையைச் செருமினார். “சும்மா ஒரு உரசல், தம்பி.” அம்மாவுக்கும் எனக்கும் அதுவரை தெரியாத உரசல்.

கழுவி, இரும்புத் துகளைக் கரைக்கும் திரவத்தை அடித்தார். சக்கரத்தை ஒட்டிய பகுதியில் ஊதா நிறத்தில் வழிந்தது. பிரேக்கிலிருந்து பறந்து ஒட்டிய துகளாம். வழுக்கும் நீரைத் தெளித்து, ஒட்டிய அழுக்கை எடுக்கும் களிமண் கட்டியால் தடவியபின், ரப்பர் ஓரங்களுக்கு டேப் ஒட்டினார். பிறகு பானெட்டில் இரண்டடிச் சதுரம் மட்டும் ஒரு சோதனை. ரோட்டரி மெஷின் ஒரே அச்சில் சுற்றும், கை தவறினால் சூடேறி ஓரத்தில் பெயிண்டைத் தின்றுவிடும். அவர் எடுத்தது சுற்றிக்கொண்டே அசையும் டூயல் ஆக்ஷன். ஃபோம் பேடில் நான்கு சொட்டு பாலிஷ், முதலில் நீளவாக்கில், பிறகு குறுக்குவாக்கில்.

முடித்ததும் ஆல்கஹால் கலந்த திரவத்தால் துடைத்துவிட்டு டார்ச் அடித்தார். அந்தச் சதுரத்தில் வெளிச்சம் ஒரே புள்ளியாக நின்றது, பக்கத்திலேயே பழைய வலை. “எண்ணெய் பூசி மறைச்சிருந்தா இந்தத் துடைப்புல தெரிஞ்சுடும் அண்ணே” என்றார். போன முறை இதைக் கேட்கத் தெரிந்திருந்தால் 120 வெள்ளி மிஞ்சியிருக்கும்.

குறையும் உண்டு. மூன்று மணிக்கு முடியும் என்றது ஐந்தரை ஆனது. உட்கார ஒரே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, மின்விசிறி கார் பக்கம் திரும்பியிருந்தது. நானும் அப்பாவும் எதிர்க் கோப்பிக் கடையில் மூன்று சுற்று கோப்பி குடித்தோம். நடுவில் பட்டறை முதலாளி வந்து, பெயிண்டைப் பாதுகாக்கும் பூச்சான செராமிக் கோட்டிங்குக்கு 800 வெள்ளி என்று ஆரம்பித்தார். ஸ்கிராப் தேதி குறித்த காருக்கு எதற்கு என்று நான் மறுத்ததில் அப்பாவுக்கு வருத்தம். மொத்தம் 320 வெள்ளி கொடுத்தேன். பெர்த்தில் இதே வேலைக்கு இதைவிட அதிகம் கொடுத்திருக்கிறேன். அங்கே யாரும் நகத்தை ஓட்டிப் பார்த்ததில்லை.

கிளம்பும்போது, கழுவ இரண்டு வாளி வைத்துக்கொள்ளச் சொன்னார் அந்த இளைஞர், ஒன்று சோப்புக்கு, ஒன்று துணியை அலச. காய்ந்த காரைத் தொடவே வேண்டாம் என்றார். நான் அங்கேயே இரண்டு மைக்ரோஃபைபர் துணி வாங்கி அப்பாவிடம் கொடுத்தேன்.

மறுநாள் காலை ஏழேகாலுக்குக் கீழே போனேன். துணி இரண்டும் பின்சீட்டில் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் கிடந்தன. அப்பா தூசிதட்டியை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

“கண்ணாடியை மட்டும்தான்டா தட்டினேன்.”