வெள்ளி ஊசியா, வெண் பியோனியா?

சீன வெள்ளைத் தேயிலை வாங்கப் போனால் விலைப்பட்டியலின் உச்சியில் வெள்ளி ஊசி நிற்கும். அதற்குக் கீழே, கணிசமாகக் குறைந்த விலைக்கு, வெண் பியோனி. சீனப் பெயர்கள் பாய் ஹாவ் யின் ஜென், பாய் மு தான். விலை கூடினால் ருசியும் கூடும் என்று நம்பி ஊசியை வாங்கி, "என்ன இது, வெந்நீர் மாதிரி இருக்கிறதே" என்று ஒதுக்கிவிடுகிறவர்கள் நிறைய. முதல் தடவை வாங்குகிறவருக்கு நான் பியோனியைத்தான் சொல்வேன்.

இரண்டுக்கும் பிறந்த ஊர் ஃபூஜியான் மாகாணம். முக்கியமாக ஃபூடிங், ஜெங்ஹெ. செடிகளும் பெரும்பாலும் ஒன்றே: ஃபூடிங் தா பாய், ஜெங்ஹெ தா பாய் போன்ற பருத்த மொட்டு விடும் ரகங்கள். செய்முறையும் ஒன்றுதான். பறித்ததைப் பரப்பி வாட்டுவார்கள், பிறகு உலர்த்துவார்கள். பச்சைத் தேயிலை போல வறுப்பதில்லை. நாம் பாலில் போடும் தேயிலை போல உருட்டி நசுக்குவதும் இல்லை.

வேறுபாடு பறிப்பில் இருக்கிறது. ஊசிக்கு வெறும் மொட்டு மட்டும், அதுவும் வசந்தத்தின் முதல் துளிர்ப்பில், மார்ச் கடைசியை ஒட்டிய சில நாட்களில். பியோனிக்கு மொட்டோடு ஒன்றிரண்டு இளம் இலைகளும் சேரும். விலை வித்தியாசத்துக்கு முக்கியக் காரணம் இதுதான்.

அந்த இலைகள்தான் பியோனிக்குப் பூவாசத்தையும், நாக்கில் தங்கும் திடத்தையும், லேசான துவர்ப்பையும் தருகின்றன. முதல் கோப்பையிலேயே பிடிபட்டுவிடும். ஊசியில் மணம் அடங்கியிருக்கும். காய்ந்த புல், முலாம்பழம், விழுங்கிய பிறகு மெல்ல எழும் இனிப்பு. தண்ணீரே கொஞ்சம் கெட்டியானது போல வழுவழுப்பு. அதை ரசிக்க வாய் பழகியிருக்க வேண்டும்.

ஊசி ஏமாற்றுவதற்குப் பாதிக் காரணம் தயாரிக்கும் விதம். வெள்ளைத் தேநீருக்கு 75 டிகிரி போதும் என்று பல பொட்டலங்களில் அச்சிட்டிருக்கும். இதை நான் ஏற்கவில்லை. மொட்டு தடிமனானது, பூனைமயிர் போர்த்தியது, எங்கும் நசுங்காதது. மிதச்சூட்டில் அதிலிருந்து சாறு இறங்காது. 110 மில்லி பிடிக்கும் மூடிக் கிண்ணத்தில் 5 கிராம் போட்டு, 90 டிகிரி நீரைக் கிண்ணத்தின் ஓரமாக ஊற்றி, முதல் தடவை அரை நிமிடமாவது விடுங்கள். அதே மொட்டுகளில் மறுபடி நீர் ஊற்றும் ஒவ்வொரு தடவையும் நேரத்தைக் கூட்டிக்கொண்டே போகலாம். சாற்றில் மிதக்கும் பொடி அந்த மயிர்தான், தூசி இல்லை, வடிகட்ட வேண்டாம்.

பியோனிக்கு அதே சூடுதான், ஆனால் பதினைந்து விநாடியில் வடித்துவிட வேண்டும். விட்டால் இலை துவர்ப்பைக் கக்கும். இன்னொன்று, கரண்டியால் அளக்காதீர்கள். பியோனி பொசபொசவென்று விரிந்திருப்பதால் ஒரு கரண்டியில் ஊசியைவிட மிகக் குறைவாகத்தான் பிடிக்கும். சின்னத் தராசு ஒன்று இருந்தால் நல்லது.

குளிர்ந்த நீரில் ஊறவைப்பதென்றால் என் ஓட்டு ஊசிக்கு. இரவு முழுக்க ஃபிரிட்ஜில் வைத்தால் துவர்ப்பே இல்லாத இனிப்பு இறங்கும். ஒன்று, வெள்ளைத் தேநீரில் காஃபின் குறைவு என்று நம்பி ராத்திரியில் குடிக்காதீர்கள். இளம் மொட்டில் காஃபின் நிறையவே உண்டு.

ஊரையும் பாருங்கள். ஃபூடிங் தேயிலையை வெயிலில் வாட்டுவது மரபு, சுவை லேசாகவும் புத்துணர்வோடும் இருக்கும். ஜெங்ஹெயில் நிழலில் நெடுநேரம் வாட்டுவார்கள், அதனால் அடர்த்தி கூடுதல். வேறொரு மாகாணமான யுன்னானின் பெரிய இலைச் செடி மொட்டும் வெள்ளி ஊசி என்ற பெயரில் விற்பனைக்கு வருகிறது. தேன் சாயலோடு நன்றாகவே இருக்கும், ஆனால் இது வேறு தேநீர். ஃபூஜியான் விலை கொடுக்காதீர்கள்.

சரி, பட்ஜெட் இன்னும் குறைவா? பின்னால் பறிக்கும் முதிர்ந்த இலைகளில் செய்யும் ஷோ மெய் இருக்கிறது. 'ஓராண்டு தேநீர், மூன்றாண்டு மருந்து, ஏழாண்டு பொக்கிஷம்' என்று வெள்ளைத் தேயிலையைப் பற்றிச் சீனாவில் சொல்வார்கள். மருந்து என்பதை நான் கணக்கில் எடுப்பதில்லை. ஆனால் சில வருடம் கிடந்த ஷோ மெய்யை அடுப்பில் வைத்துக் கொதிக்கவிட்டால் பேரீச்சை வாசம் வரும். மற்ற இரண்டிலும் இந்தத் தைரியம் வராது எனக்கு. உறையில் அச்சிட்ட வருடத்தை மட்டும் நம்பிக் காசைக் கொட்டாமல், முதலில் 25 கிராம் வாங்கிக் கொதிக்கவைத்துப் பாருங்கள்.