எந்த ஆண்டு, எந்த அணி? மேசை பேஸ்பால் போட்டிக்கு ஒரு மனக்கணக்கு

பள்ளியில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, புத்தகத்தைப் புரட்டி, பக்க எண்ணின் கடைசி இலக்கத்தை ரன்னாக எழுதி புக் கிரிக்கெட் ஆடியவர்களுக்கு இந்த விளையாட்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நம்முடைய ஆட்டத்தில் ஒரே ஒரு குறை. அதில் கவாஸ்கரும் சந்திரசேகரும் ஒரே மாதிரிதான் அடிப்பார்கள், ஏனென்றால் புத்தகத்துக்கு ஆள் தெரியாது. அமெரிக்காவின் மேசை பேஸ்பாலில் பகடைக்கு ஆள் தெரியும். ஒவ்வொரு வீரருக்கும் ஓர் அட்டை. அந்த ஆண்டு அவர் எவ்வளவு அடித்தார், எவ்வளவு அவுட் ஆனார் என்ற கணக்கெல்லாம் அதில் எண்களாகப் பிரித்து அச்சிடப்பட்டிருக்கும். அதனால் 1927-இன் அதிரடி பேட்டர் பேப் ரூத் 1975-இன் பிட்சரை, அதாவது பந்து வீசுபவரை, எதிர்கொள்ளலாம். போட்டிக்கு வருகிறவர் ஒவ்வொருவரும் வரலாற்றிலிருந்து ஒரு வருடத்து அணியைத் தூக்கிக்கொண்டு வருவார்கள்.

எந்த அணியைத் தூக்குவது என்பதுதான் கேள்வி. போன முறை 1906 சிகாகோ கப்ஸோடு போய், மூன்று ஆட்டங்களை, ஒவ்வொன்றும் 2-1 என்ற கணக்கில், தோற்றுவிட்டு வந்தேன். அந்தக் கடுப்பில் உட்கார்ந்து போட்ட கணக்கு இது. மேசையில் நான்கு அணிகள்: 1906 கப்ஸ், 1927 நியூயார்க் யாங்கீஸ், 1975 சின்சினாட்டி ரெட்ஸ், 1998 யாங்கீஸ்.

அணிக்கு முன்னால் எந்த விளையாட்டு என்று பார்க்க வேண்டும். பாதிப் பேர் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். 1951-இல் பென்சில்வேனியாவின் லங்காஸ்டர் ஊரிலிருந்து ரிச்சர்ட் சைட்ஸ் விற்கத் தொடங்கியது ஏபிபிஏ. ஆட்டக்காரர்கள் அதை 'ஆப்பா' என்று ஒரே சொல்லாகச் சொல்வார்கள். நியூயார்க்கில் ஹால் ரிச்மன் 1961-இல் கொண்டுவந்தது ஸ்ட்ராட்-ஓ-மேட்டிக். இரண்டும் பகடையும் அட்டையும்தான், ஆனால் உள்ளே இருக்கும் கணக்கு வேறு.

ஆப்பாவில் இரண்டு பகடை. பெரியது பத்தாம் இடம், சிறியது ஒன்றாம் இடம். 11 முதல் 66 வரை மொத்தம் 36 வாய்ப்புகள். விழுந்த எண்ணை எப்போதும் பேட்டரின் அட்டையில்தான் பார்க்க வேண்டும். பிட்சருக்கு ஏ, பி, சி, டி என்று ஓர் எழுத்து மட்டும். நல்ல எழுத்து வாங்கிய பிட்சர் வந்தால் சில சாதாரண ஹிட்டுகள் அவுட்டாக மாறும். நம் சிக்ஸர் மாதிரியான ஹோம் ரன் எண்ணை அந்த எழுத்து அசைக்காது. ஆக, ஆப்பா பேட்டரின் ராஜ்ஜியம்.

ஸ்ட்ராட்டில் மூன்று பகடை. தனியாக இருக்கும் வெள்ளைப் பகடையில் 1, 2, 3 விழுந்தால் பேட்டரின் அட்டை. 4, 5, 6 விழுந்தால் பிட்சரின் அட்டை. மற்ற இரண்டின் கூட்டுத்தொகை எந்த வரி என்று சொல்லும். தாயம் ஆடியவர்களுக்குத் தெரியும், இரண்டு கட்டைகளின் கூட்டு எல்லாம் சம வாய்ப்பில் விழாது. 36-இல் ஆறு முறை 7 வரும், 2-ம் 12-ம் ஒவ்வொரு முறைதான் வரும். நல்ல அட்டையில் நல்ல சமாச்சாரம் 7-க்குப் பக்கத்தில் இருக்கும்.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. பாதி உருட்டல்கள் பிட்சரின் அட்டைக்குப் போய்விடுவதால், பேட்டரின் அட்டை அவருடைய உண்மையான ஆட்டத்தைவிடக் கொஞ்சம் ஊதியே இருக்க வேண்டும். லீக் முழுவதும் சராசரி .250 (நூறு வாய்ப்பில் 25 ஹிட்) என்றும், நம் ஆள் .300 அடித்தார் என்றும் வைத்துக்கொள்வோம். பிட்சர் அட்டைகளில் சராசரியாக .250 கிடைக்கும், மொத்தத்தில் .300 வர வேண்டுமானால் இவர் அட்டையில் .350 இருந்தாக வேண்டும். பிட்சருக்கும் இதே கதைதான், தலைகீழாக. ஒவ்வொரு அட்டையும் தன் காலத்துத் தட்பவெப்பத்தையும் சேர்த்து எடுத்துக்கொண்டு வருகிறது. ரன் மழை பெய்த காலத்து பிட்சரின் அட்டையில் ஈரம் காயாது. ரன் பஞ்ச காலத்து பேட்டரின் அட்டை வறண்டே கிடக்கும்.

1906 கப்ஸைப் பார்ப்போம். 116 வெற்றி, 36 தோல்வி. அணியின் மொத்த ஈஆர்ஏ 1.75, அதாவது ஒன்பது இன்னிங்ஸுக்கு இரண்டு ரன்கூடக் கொடுக்காத பந்துவீச்சு. மார்டெக்காய் பிரவுன் 26-6 (வெற்றி-தோல்வி), ஈஆர்ஏ 1.04. சிறுவயதில் பண்ணை இயந்திரத்தில் மாட்டி வலக்கை விரல்கள் சிதைந்தவர், அந்தக் கையாலேயே வீசினார். அவர் பின்னால் எட் ராய்ல்பாக் 19-4, ஜாக் ஃபீஸ்டர் 20-8. ஸ்ட்ராட்டில் இவர்கள் அட்டைக்கு உருட்டல் போனால் எதிரிக்கு எச்சில்கூட மிஞ்சாது. நான் மயங்கியதும் அதைப் பார்த்துத்தான்.

மறுபக்கம் பேட்டிங். அந்த ஆண்டு அவர்கள் லீகில் அதிக ரன் எடுத்த அணி என்பதை மறந்துவிடாதீர்கள். ஆனாலும் சீசன் முழுவதும் மொத்த அணியும் அடித்த ஹோம் ரன் 20. பந்து மென்மை, அழுக்கேறிய பிறகும் மாற்றமாட்டார்கள். எல்லாரும் அப்படித்தான் ஆடினார்கள். அட்டையில் ஏறும்போது அந்தப் பஞ்சமும் சேர்ந்தே ஏறுகிறது. ஃபிராங்க் சான்ஸ் 57 ஸ்டீல் (பந்து அடிபடக் காத்திராமல் அடுத்த பேஸுக்கு ஓடிவிடுவது) செய்தார், சரி. எத்தனை முறை பிடிபட்டார் என்ற கணக்கை அப்போது எழுதி வைக்கவில்லை. அட்டை செய்பவர் ஊகித்துத்தான் போட வேண்டும், அந்த ஊகத்தை நம்பி ஒன்பதாவது இன்னிங்ஸில் ஓட எனக்குத் துணிச்சல் வருவதில்லை. சின்னக் கையுறை காலம் என்பதால் ஃபீல்டிங் பிழைகளும் பிற்கால அணிகளைவிட அதிகம். ஒரு ரன்னை வைத்துக்கொண்டு காவல் காக்கும் அணிக்கு ஒரு பிழை போதும். நிஜத்திலும் இதுதானே நடந்தது? அதே ஆண்டு, இரு லீக்குகளின் சாம்பியன்களும் மோதும் வேர்ல்ட் சீரிஸில், .230 அடித்து பேட்டிங்கில் தங்கள் லீகிலேயே கடைசியாக இருந்த சிகாகோ வைட் சாக்ஸிடம் 4-2 என்று தோற்றார்கள். முதல் ஆட்டம் 2-1. நான் வரலாற்றுக்கு உண்மையாகவே ஆடியிருக்கிறேன் என்று ஆறுதல் சொல்லிக்கொள்கிறேன்.

1927 யாங்கீஸை எடுத்தால் மேசைக்கு நாலு பேர் வேடிக்கை பார்க்க வருவார்கள். 110-44, வேர்ல்ட் சீரிஸில் பிட்ஸ்பர்க்கை நான்குக்கு நான்கு. ரூத் 60 ஹோம் ரன். அமெரிக்கன் லீகின் மற்ற ஏழு அணிகளில் எதுவும் அணியாகச் சேர்ந்தே அத்தனை அடிக்கவில்லை. அவர் பின்னால் லூ கெரிக் .373, 47 ஹோம் ரன். முன்னால் எர்ல் கோம்ஸ் .356. ஆப்பா ஆடுவதாக இருந்தால் இங்கேயே கட்டுரையை நிறுத்திவிடலாம். உருட்டல் எல்லாம் பேட்டர் அட்டைக்கே போகிற ஆட்டத்தில் இந்த மூன்று அட்டைகளுக்கு எதிராக நிற்பது வீண் வேலை.

ஸ்ட்ராட்டில் வேறு மாதிரி. பாதி உருட்டலில் ரூத் மேசையிலேயே இல்லை. அப்புறம், மூன்று பெரிய அட்டைகளும் இடக்கை, இடக்கை பேட்டருக்கு இடக்கை பிட்சர் என்றால் கஷ்டம். இடக்கை-வலக்கை பிரிவு உள்ள விரிவான விதிகளில் ஆடினால், எதிரணி மேலாளர் ஏழாவது இன்னிங்ஸில் ஓர் இடக்கை பிட்சரைக் கொண்டுவந்து நிறுத்துவார். டோனி லசேரி, பாப் மியூசல் இருவரும் வலக்கை, நல்லவர்கள், ஆனால் பயம் அதோடு முடிந்தது. கேட்சர் இடத்தில் மூன்று பேர் மாறி மாறி ஆடினார்கள், ஒருவரும் மனதில் நிற்க மாட்டார். வெய்ட் ஹாய்ட் 22-7, ஹெர்ப் பென்னாக் 19-8 எல்லாம் காகிதத்தில் பிரமாதம். ரன் மழை காலத்து பிட்சர்கள் என்பதால் அட்டையில் ஹிட்டுகள் தாராளமாக இருக்கும். ஒரே ரகசியம் வில்சி மோர். 50 ஆட்டங்களில் வந்து, அதில் 12 மட்டும் தொடக்க பிட்சராக வீசி, 19-7, ஈஆர்ஏ 2.28. தொடங்கவும் முடிக்கவும் ஆகிற ஆள் குறுகிய போட்டியில் தங்கம். இந்த அணியை எடுப்பவர்கள் ரூத் மயக்கத்தில் அவரை உட்கார வைத்துவிடுவதைத்தான் தாங்க முடிவதில்லை.

1998 யாங்கீஸ் சத்தமில்லாத அணி. 114-48, பிறகு பிளேஆஃபில் 11-2. நாற்பது ஹோம் ரன் அடித்த ஆள் கிடையாது. டீனோ மார்ட்டினஸின் 28-தான் உச்சம். ஆனால் ஓட்டை எங்கே என்று தேடினால் கிடைக்காது. பெர்னி வில்லியம்ஸ் .339, இரண்டு கையாலும் அடிப்பவர். ஹோர்ஹே போசாடாவும் அப்படியே. எந்தக் கை பிட்சரை அனுப்பினாலும் வரிசை குலையாது. பெஞ்சில் டேரில் ஸ்ட்ராபெரி, டிம் ரெயின்ஸ் என்று வேறு அணியில் தினமும் ஆடக்கூடியவர்கள். கடைசியில் மரியானோ ரிவேரா, ஈஆர்ஏ 1.91. முன்னால் வலக்கை ஜெஃப் நெல்சன், இடக்கை மைக் ஸ்டான்டன். ஆறு இன்னிங்ஸ் முடியும்போது முன்னிலையில் இருந்தால் போதும், மேலாளர் காபி குடிக்கப் போகலாம்.

இந்த அணியில் ஒரு கள்ளச் சாவியும் உண்டு. ஷேன் ஸ்பென்சர் கடைசி நேரத்தில் வந்து 67 முறை மட்டும் பேட் பிடித்து .373, 10 ஹோம் ரன் அடித்தார். அட்டை விகிதத்தை மட்டும்தான் பார்க்கும், எத்தனை நாள் ஆடினார் என்று கேட்காது. கட்டுப்பாடு இல்லாத போட்டியில் அவரைத் தினமும் நான்காவதாக இறக்கி, இன்னொரு ரூத்தாக்கிவிடலாம். அது சட்டப்படி சரி, நியாயப்படி அசிங்கம். நல்ல போட்டிகளில் நிஜத்தில் ஆடிய அளவுக்கு மேல் ஆடக் கூடாது என்று வரம்பு வைப்பது இதற்காகத்தான். விதித்தாளில் முதலில் படிக்க வேண்டிய வரி அதுவே.

இரண்டாவது வரி டிஎச். அமெரிக்கன் லீகில் 1973 முதல் பிட்சருக்குப் பதில் வேறொருவர் பேட் பிடிக்கலாம். 1998 யாங்கீஸ் அந்த வசதியில் கட்டப்பட்ட அணி. அது இல்லாத போட்டியில் நல்ல பேட்டர் ஒருவர் வெளியே போவார், வருடம் முழுக்க பேட்டையே தொடாத பிட்சர் ஒன்பதாவதாக வருவார்.

1975 ரெட்ஸுக்கு அந்தக் கவலை இல்லை. நேஷனல் லீக் அணி, அந்த ஆண்டு வேர்ல்ட் சீரிஸும் டிஎச் இல்லாமல்தான் நடந்தது. 108-54. என்னை இந்த அணியிடம் இழுத்தது பேட்டிங்கைவிட மைதானத்தின் நடுக்கோடு. கேட்சர் ஜானி பெஞ்ச், செகண்ட் பேஸ் ஜோ மார்கன், ஷார்ட் ஸ்டாப் டேவ் கான்செப்சியான், சென்டர் ஃபீல்டு சீசர் ஜெரோனிமோ: நால்வருமே அந்த ஆண்டு சிறந்த ஃபீல்டிங்குக்கான கோல்டு கிளவ் விருது வாங்கியவர்கள். ஸ்ட்ராட்டில் பிட்சர் அட்டையின் சில வரிகள் முடிவைச் சொல்லாமல் 'ஃபீல்டரைப் பார்' என்று தள்ளிவிடும். அப்போது அந்த இடத்தில் நிற்பவரின் 1 முதல் 5 வரையான தரம் பேசும். அதிகம் பந்து போவது ஷார்ட் ஸ்டாப்புக்கும் செகண்ட் பேஸுக்கும். அங்கே முதல் தர ஆட்கள் நின்றால், சுமாரான பிட்சரின் அட்டையும் தேறிவிடும். மற்ற மூன்று அணிகளிலும் இந்த மறைமுக லாபம் இவ்வளவு இல்லை.

மார்கன் தனி அத்தியாயம். .327, 132 வாக் (பிட்சரின் தவறான பந்துகளால் இலவசமாகக் கிடைக்கும் பேஸ்), 67 ஸ்டீல். அவர் பேஸுக்கு வந்தாலே எதிரே இருப்பவர் அட்டையை விட்டுவிட்டு விதிப் புத்தகத்தைப் புரட்ட ஆரம்பிப்பார். அணியாக 168 முறை ஸ்டீல் செய்து 36 முறைதான் பிடிபட்டார்கள். கப்ஸைப் போல ஊகம் இல்லை, எழுதி வைத்த கணக்கு. இரு கையால் அடிக்கும் பீட் ரோஸ், இடக்கை கென் கிரிஃபி, இடக்கை மார்கன், பிறகு வலக்கையில் பெஞ்ச், டோனி பெரெஸ், ஜார்ஜ் ஃபாஸ்டர். ஒரே பிட்சரை வைத்து இந்த வரிசையைக் கடப்பது கஷ்டம்.

குறை தொடக்க பிட்சர்கள். டான் கலெட் 15-4, ஈஆர்ஏ 2.42, அவரைத் தாண்டினால் கேரி நோலன், ஜாக் பில்லிங்ஹாம் போன்ற யோக்கியமான, அச்சுறுத்தாத பெயர்கள். கலெட் அந்த ஆண்டு கட்டைவிரல் முறிந்து இரண்டு மாதம் வெளியே இருந்தவர். வரம்பு இல்லாத போட்டியில் அட்டைக்கு அந்த முறிவு தெரியாது, அவர் நன்றாகவே இருப்பார். மற்ற நாட்களில் அவர்களுடைய மேலாளர் ஸ்பார்க்கி ஆண்டர்சன் செய்ததையே செய்யலாம். பிட்சர் லேசாகத் தடுமாறினாலே தூக்கிவிடுவார், அதனால் 'கேப்டன் ஹூக்' என்று பட்டப்பெயர். இடக்கைக்கு வில் மெக்எனானி, வலக்கைக்கு ராலி ஈஸ்ட்விக். அந்த ஆண்டு தொடர்ந்து 45 ஆட்டங்களில் அவர்களுடைய எந்தத் தொடக்க பிட்சரும் ஆட்டத்தை முடிக்கவில்லை, அணி அப்போதும் ஜெயித்துக்கொண்டே இருந்தது.

ஆகவே ஆப்பா என்றால் 1927-ஐ எடுத்துக்கொண்டு போங்கள், யோசிக்கவே வேண்டாம். ஸ்ட்ராட்டில், டிஎச் இருந்து ஆட்ட வரம்பும் இருந்தால் 1998 யாங்கீஸ் ஒரு மயிரிழை முன்னால் நிற்கிறது. டிஎச் இல்லையென்றால் ரெட்ஸ். எங்கள் அடுத்த போட்டியில் டிஎச் இல்லை என்று இப்போதைக்குச் சொல்லியிருக்கிறார்கள். முதல் ஆட்டத்துக்கு கலெட், ஆறாவது இன்னிங்ஸிலிருந்து மெக்எனானியை எழுப்பி வைப்பது என்று தாளில் எழுதிவிட்டேன். எட்டுப் பேரில் ஒருவர் மட்டும் 'டிஎச் பற்றி இன்னொரு முறை வாக்கெடுப்பு வைக்கலாமா' என்று நேற்று கேட்டார். அவர் கையில் 1998 அட்டைப்பெட்டி இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.