பழைய மர பீரோவுக்குத் தேய்ந்த தோற்றம்: எனாமலா, சுண்ண பெயின்டா?

வேலூர் வெயிலில் இரண்டும் ஒரே மாதிரி நடந்துகொள்ளாது. எனாமல் மேலே தொட்டால் காய்ந்ததாகத் தெரியும், உள்ளே இளகியே இருக்கும். மறுநாளே தேய்த்தால் உப்புத்தாள் அடைத்துக்கொண்டு பெயின்ட் ரப்பர்போல் உருண்டு வரும். மூன்று நாளாவது விடுங்கள். தினமும் தண்ணீர் படும் ஸ்டூலுக்கு எனாமல்தான் சரி.

தோற்றத்துக்கு எங்கள் ஓட்டு சுண்ண பெயின்டுக்கே. அதை வீட்டிலேயே கலக்கலாம்: ஒரு கப் மேட் (பளபளப்பில்லாத) எமல்ஷனுக்கு மூன்றில் ஒரு பங்கு பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ். பிளாஸ்டரை முதலில் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்த பிறகே பெயின்டில் சேர்க்க வேண்டும். சீக்கிரம் இறுகிவிடும், அன்றைக்குத் தேவையானதை மட்டும் கலக்குங்கள். அடிப்பதற்கு முன் சோப்புத் தண்ணீரில் எண்ணெய்ப் பிசுக்கைக் கழுவி, 120 நம்பர் உப்புத்தாளால் பழைய பாலிஷின் மினுமினுப்பை எடுக்காவிட்டால் பட்டை பட்டையாக உரியும். கை படும் விளிம்புகளில் மெழுகுவர்த்தியைத் தேய்த்துவிட்டு இரண்டு கோட் அடித்தால், காய்ந்ததும் 220 தாளில் தேய்க்க அந்த இடத்தில் மட்டும் பெயின்ட் சுலபமாக விடும்.

சித்திரை, வைகாசியில் காலை நிழலில் அடியுங்கள். வெயிலில் பிரஷ் கோடுகள் அப்படியே நின்றுவிடும். மேல்பூச்சுக்கு மெழுகு வேண்டாம், கோடையில் இளகித் தூசி ஒட்டும். தண்ணீரில் கரையும் மேட் வார்னிஷ் போதும்.

பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம். புதிதாக எதை அடித்தாலும், பழைய பெயின்டை ஈரத்தோடு மட்டுமே தேய்க்க வேண்டும்.