தில்லிக் குளிருக்கு ராட் ஹீட்டரா, ஆயில் ஹீட்டரா?

மயூர் விஹாரிலோ முனிர்க்காவிலோ ஒற்றை அறையில் இருப்பவர்களுக்கு டிசம்பர் பிறந்ததும் வரும் குழப்பம் இது.

ராட் ஹீட்டர் மலிவு. 400, 800 வாட் என்று இரண்டு சுவிட்ச், போட்டதுமே சூடு. ஆனால் எதிரே இருப்பவருக்கு மட்டும்தான், முதுகு விறைத்தே கிடக்கும். செக்கச்செவேலென்று கனலும் குழாயிலிருந்து மூன்றடிக்குள் திரைச்சீலை, காயப்போட்ட சாக்ஸ் எதுவும் கூடாது. தூக்கத்தில் ரஜாய் (பஞ்சடைத்த கனத்த போர்வை) நழுவிக் கம்பிவலைமேல் விழுந்தால் தீப்பிடிக்கும். உட்கார்ந்து படிக்கச் சரி, படுத்துத் தூங்க வேண்டாம்.

ஆயில் ஹீட்டர் விலை பல மடங்கு. அறை சூடாக அரைமணிகூட ஆகலாம். உள்ளே அடைத்த எண்ணெய் எரிவதில்லை, மாற்றவும் வேண்டாம். சூடு போதுமானதும் தெர்மோஸ்டாட் தானாக நிறுத்திவிடும். படுக்கையறைக்கு இதுதான்.

சிக்கல் பிளக்கில். 2000 வாட் என்றால் கிட்டத்தட்ட 9 ஆம்பியர். அதை எக்ஸ்டென்ஷன் பாக்ஸிலோ, 6 ஆம்பியர் பாயிண்டில் அடாப்டர் வைத்தோ செருகினால், பின் துளையைச் சுற்றிப் பிளாஸ்டிக் முதலில் பழுப்பாகும், பிறகு உருகும். சுவரிலுள்ள 16 ஆம்பியர் பாயிண்டில் நேரடியாகச் செருகுங்கள். கோடையில் ஏசி ஓடும் பாயிண்ட் சும்மாதானே இருக்கிறது! அரைமணி கழித்துத் தொட்டுப் பாருங்கள். பிளக் கை பொறுக்காமல் சுட்டால் உள்ளே தளர்ச்சி. எலக்ட்ரீஷியன் பார்க்கும்வரை போடாதீர்கள்.

இரண்டுக்கும் காசில்லையென்று கரி அங்கீட்டியை (கரிக் கணப்படுப்பை) மட்டும் மூடிய அறைக்குள் கொண்டுவராதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, பக்கத்தில் வாளித் தண்ணீர் வைத்தாலும் அது போகாது.